பழைய பாஸ்வேர்ட் மேனேஜரைப் புதிய கணினியில் திறப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அக்காவின் பழைய மடிக்கணினி ஒருநாள் உயிரை விட்டது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதில் இருந்த பாஸ்வேர்ட் மேனேஜரின் ஃபோல்டரை அப்படியே புதிய கணினிக்கு மாற்றிக் கொடுத்தேன். நிரல் திறந்தது, மற்ற எல்லா பாஸ்வேர்டையும் பூட்டிவைத்திருக்கும் மாஸ்டர் பாஸ்வேர்டையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் உள்ளே இருந்ததெல்லாம் ஆறு வருடத்துக்கு முந்தைய பதிவுகள். அதற்கப்புறம் அவள் சேர்த்த ஒன்றுகூட இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டு அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. பதிவுகள் கடைசியில் கிடைத்தன. எங்கே கிடைத்தன என்பதை முதல் வேலையிலேயே சொல்கிறேன்.

அந்த வேலையில் ஒன்றை நன்றாகக் கற்றுக்கொண்டேன். பழைய பாஸ்வேர்ட் மேனேஜர்களில் குறியாக்கம் பெரும்பாலும் அவ்வளவு மோசமில்லை. 1997-இல் புரூஸ் ஷ்னையர் வெளியிட்ட பாஸ்வேர்ட் சேஃப் முதலில் பயன்படுத்திய ப்ளோஃபிஷ் என்ற குறியாக்க முறை இன்றும் ஒரே அடியில் உடைந்துவிடுவதில்லை. மாறியிருப்பது பெட்டகத்தை, அதாவது பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைத்த அந்தக் கோப்பை, சுற்றியுள்ள கணினி. நீங்கள் காப்பி செய்வதை அது நினைவில் வைத்துக்கொள்கிறது, கேட்காமலே கோப்புகளை மேகச் சேமிப்புக்கு ஏற்றுகிறது, பழைய நிரல் ஒரு இடத்தில் எழுதினால் வேறு இடத்தில் கொண்டுபோய் வைக்கிறது. அதனால் பழைய பெட்டகத்தைப் புதிய கணினியில் அன்றாடம் புழங்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மூடிய ஓர் இடத்தில் ஒருமுறை திறந்து, உள்ளதைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். அதற்கான வழிதான் இது. வேறு வழியே இல்லாமல் தொடர்ந்து பயன்படுத்த வேண்டியவர்களுக்கும் ஒரு பகுதி இருக்கிறது.

முதல் வேலை: சரியான கோப்பைக் கண்டுபிடியுங்கள்

விண்டோஸ் எக்ஸ்பி காலத்து நிரல்கள் பல, தங்கள் தரவுக் கோப்பை நிரல் இருக்கும் ஃபோல்டரிலேயே, அதாவது புரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே, எழுதின. எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து சாதாரணப் பயனர் அங்கே எழுத விண்டோஸ் அனுமதிப்பதில்லை. ஆனால் பழைய 32-பிட் நிரல்கள் திடீரென்று முடங்கிவிடக் கூடாதே என்று ஓர் ஏற்பாடும் செய்தார்கள். நிரல் புரோகிராம் ஃபைல்ஸில் எழுத முயன்றால், விண்டோஸ் சத்தமில்லாமல் அதை வெர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். எங்கே எழுதினோம் என்பது நிரலுக்கே தெரியாது. படிக்கும்போதும் அந்தப் பிரதியையே எடுத்துக் காட்டும்.

அக்காவுக்கு நடந்தது இதுதான். எக்ஸ்பியிலிருந்து அடுத்த விண்டோஸுக்கு மாறிய அன்று புரோகிராம் ஃபைல்ஸில் வைத்த கோப்பு அப்படியே உறைந்து நின்றுவிட்டது. பின்னால் சேர்த்ததெல்லாம் வெர்ச்சுவல்ஸ்டோரில் போய்ச் சேர்ந்திருந்தது. நான் நகலெடுத்தது உறைந்துபோன கோப்பை.

தேடும் வழி இது. சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் பயனர் பெயர், அதற்குள் ஆப்டேட்டா, அப்புறம் லோக்கல், அப்புறம் வெர்ச்சுவல்ஸ்டோர். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர் என்பதால், எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் மறைந்தவற்றைக் காட்டும் தேர்வை முதலில் போட்டுக்கொள்ளுங்கள். ஆப்டேட்டாவிலேயே ரோமிங் என்ற ஃபோல்டரையும், டாகுமெண்ட்ஸ் ஃபோல்டரையும், பழைய பென் டிரைவ்களையும் பாருங்கள். ஒரே பெயரில் பல கோப்புகள் கிடைத்தால், கடைசியாகத் திருத்திய தேதியையும் அளவையும் ஒப்பிட்டால் எது புதியது என்று தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்.

கோப்பு மட்டும் போதாத சமயமும் உண்டு. மாஸ்டர் பாஸ்வேர்டோடு ஒரு கீ ஃபைலும் (திறக்கும்போது கூடவே காட்ட வேண்டிய தனிக் கோப்பு) வைத்திருந்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். கீபாஸ் 2 என்ற பாஸ்வேர்ட் மேனேஜரில் 'விண்டோஸ் பயனர் கணக்கு' என்பதையும் திறவுகோலின் ஒரு பகுதியாகச் சேர்க்க முடியும். அப்படிச் சேர்த்திருந்தால் அந்தப் பெட்டகம் அந்த விண்டோஸ் கணக்கோடு கட்டப்பட்டது. கோப்பை வேறு கணினிக்குக் கொண்டுபோனால் மாஸ்டர் பாஸ்வேர்ட் சரியாக இருந்தாலும் திறக்காது. பழைய கணினி இன்னும் ஓடுகிறது என்றால், அங்கேயே திறந்து, மாஸ்டர் கீயை மாற்றும் இடத்துக்குப் போய் அந்தப் பயனர் கணக்குப் பகுதியை நீக்கிச் சேமித்துவிட்டு எடுத்து வாருங்கள். பழைய விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவதற்கு முன் இதைச் செய்தாக வேண்டும். அழித்த பிறகு திரும்பப் பெறுவது பெரும்பாலும் நடக்காத காரியம்.

கிடைத்த கோப்பை இரண்டு இடங்களில் நகலெடுத்து, மூலத்தைத் தொடாதீர்கள். இனி எல்லாச் சோதனையும் நகலில்தான். சில நிரல்கள் திறந்த உடனே கோப்பைப் புதிய வடிவத்துக்கு மாற்றிவிடும், அல்லது பாதியில் நின்று கெடுத்துவிடும்.

இரண்டாவது: பழைய நிரல் உண்மையிலேயே வேண்டுமா?

பலரும் இங்கேதான் தேவையில்லாமல் சிரமப்படுகிறார்கள். பெட்டகத்தைப் படிக்கப் பழைய நிரலே வேண்டும் என்று கட்டாயமில்லை.

கோப்பின் பெயர் கேடிபி (.kdb) என்று முடிந்தால் அது கீபாஸ் 1 அல்லது பழைய கீபாஸ்எக்ஸ் உருவாக்கியது. கீபாஸ்எக்ஸின் கடைசிப் பதிப்பு 2016-இல் வந்தது, பிறகு திட்டமே நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் அதிலிருந்து கிளைத்த கீபாஸ்எக்ஸ்சி நன்றாகவே வளர்ந்து வருகிறது. அதில் டேட்டாபேஸ் மெனுவில் இறக்குமதியைத் தேர்ந்தெடுத்து, கீபாஸ் 1 கோப்பைக் காட்டினால் வேலை முடிந்தது. கீபாஸ் 2-உம் கேடிபி கோப்பை இறக்குமதி செய்யும். பிசேஃப்3 (.psafe3) என்று முடிந்தால் அது பாஸ்வேர்ட் சேஃப். அதன் இன்றைய பதிப்பே திறக்கும். 1பாஸ்வேர்ட் என்ற மேனேஜரின் ஓப்வால்ட் வடிவத்தையும் கீபாஸ்எக்ஸ்சி நேரடியாகப் படிக்கும்.

அதே 1பாஸ்வேர்டின் அதற்கும் முந்தைய அஜைல் கீசெயின் வடிவம் உங்களிடம் இருந்தால் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். அதில் பாஸ்வேர்ட் மறைந்திருக்கும். ஆனால் பதிவின் தலைப்பும் இணைய முகவரியும் குறியாக்கம் இல்லாமல் வெளிப்படையாகக் கிடக்கும். கோப்பு யார் கையிலாவது கிடைத்தால், எந்தெந்தத் தளங்களில் உங்களுக்குக் கணக்கு இருக்கிறது என்று மாஸ்டர் பாஸ்வேர்ட் இல்லாமலே படித்துவிடலாம்.

இந்தப் பட்டியலில் வராத, இன்று இணையதளம்கூட இல்லாத சிறிய நிரல்களுக்குத்தான் அடுத்த பகுதி.

மூன்றாவது: மூடிய அறையில் திறப்பது

64-பிட் விண்டோஸில் 32-பிட் நிரல்கள் இன்றும் ஓடும். விண்டோஸ் 11-உம் இதில் அடக்கம். ஓடாதவை விண்டோஸ் 3.1 காலத்து 16-பிட் நிரல்கள். மேக்கில் நிலைமை கடுமை. 2019-இல் வந்த கேட்டலினாவோடு 32-பிட் செயலிகளுக்குக் கதவு அடைக்கப்பட்டது. அவற்றைத் திறக்க மொஹாவி அல்லது அதற்கு முந்தைய மேக்ஓஎஸ் ஓடும் பழைய இன்டெல் மேக் ஒன்றைத் தேடிப்பிடிப்பதே சுலபம்.

விண்டோஸில் திறக்க முடியும் என்பதற்காக உங்கள் அன்றாடக் கணினியிலேயே திறந்துவிடாதீர்கள். விண்டோஸ் புரோ பதிப்பு இருந்தால் விண்டோஸ் சேண்ட்பாக்ஸ் கையிலேயே இருக்கிறது. விண்டோஸ் அம்சங்களை இயக்கும் பெட்டியில் அதைத் தேர்ந்தெடுத்து, கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் போதும். திறந்தால் ஒரு ஜன்னலுக்குள் புத்தம் புதிய விண்டோஸ் வரும். மூடினால் உள்ளே நடந்ததெல்லாம் அழிந்துவிடும். இந்த வேலைக்கென்றே செய்தது போன்ற இடம். ஹோம் பதிப்பில் இது கிடையாது. அவர்கள் வெர்ச்சுவல்பாக்ஸில் ஒரு விர்ச்சுவல் மெஷின், அதாவது கணினிக்குள் இன்னொரு கணினி, அமைத்துக்கொள்ளலாம். எக்ஸ்பி மட்டுமே கேட்கும் நிரலுக்கும் விர்ச்சுவல் மெஷின்தான் வழி.

இனி இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. பழைய நிரலின் நிறுவல் கோப்பு, பெட்டகத்தின் நகல், கீபாஸ்எக்ஸ்சியின் போர்ட்டபிள் பதிப்பு, மூன்றையும் ஒரே ஃபோல்டரில் போடுங்கள். மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ ரன்டைமையும் இறக்கி அதோடு வையுங்கள். கீபாஸ்எக்ஸ்சி திறக்க மறுத்தால் பெரும்பாலும் அது இல்லாததுதான் காரணமாக இருக்கும்.

2. அந்த ஃபோல்டரைச் சேண்ட்பாக்ஸுக்குள் கொண்டுபோன பிறகு, பழைய நிரலைத் திறப்பதற்கு முன், உள்ளே இணையத்தைத் துண்டியுங்கள். சேண்ட்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் நெட்வொர்க்கை அணைத்துவிட்டுத் திறப்பது இன்னும் நல்லது. வெர்ச்சுவல்பாக்ஸ் என்றால் நெட்வொர்க் அடாப்டரையே நீக்கிவிடுங்கள், பகிரும் கிளிப்போர்டையும் அணையுங்கள்.

3. நிரலை நிறுவிப் பெட்டகத்தைத் திறந்து, ஏற்றுமதியைத் தேடுங்கள். எக்ஸ்எம்எல், சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) இரண்டும் இருந்தால், இறக்குமதி செய்யும் நிரல் எதை நேராகப் படிக்கும் என்று பார்த்து அதை எடுங்கள். இல்லாவிட்டால் சிஎஸ்வி.

4. ஏற்றுமதியான கோப்பை வெளியே எடுக்காதீர்கள். சேண்ட்பாக்ஸுக்குள்ளேயே கீபாஸ்எக்ஸ்சியைத் திறந்து, அங்கேயே இறக்குமதி செய்து, புதிய மாஸ்டர் பாஸ்வேர்டோடு கேடிபிஎக்ஸ் கோப்பாகச் சேமியுங்கள்.

5. அந்த ஒரு கோப்பை மட்டும் வெளியே எடுத்து, அது திறக்கிறதா என்று பார்த்த பிறகே சேண்ட்பாக்ஸை மூடுங்கள்.

நான்காவது படியை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், சிஎஸ்வி என்பது அத்தனை பாஸ்வேர்டும் வெள்ளைத் தாளில் எழுதியது மாதிரி. எஸ்எஸ்டியில் ஒரு கோப்பை அழித்தாலும், மேலே வேறு தரவை எழுதினாலும், பழைய எழுத்து சிப்பின் வேறு மூலையில் தங்கியிருக்கலாம். எங்கே எழுதுவது என்பதை டிரைவே முடிவு செய்கிறது. அதற்குள் ஒன்டிரைவ் அதை மேலே ஏற்றியிருக்கும், தேடல் அட்டவணை படித்திருக்கும், தானியங்கி பேக்கப் ஒரு பிரதி எடுத்திருக்கும். சேண்ட்பாக்ஸின் தற்காலிக வட்டும் உங்கள் டிஸ்க்கில்தான் இருக்கிறது என்பதால், பிட்லாக்கர் போன்ற முழு டிஸ்க் குறியாக்கம் இருந்தால் இன்னும் நிம்மதி.

விர்ச்சுவல் மெஷின் பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று: பெட்டகம் திறந்திருக்கும்போது ஸ்னாப்ஷாட் (மெஷினின் அந்த நேரத்து நிலையின் பிரதி) எடுக்காதீர்கள், மெஷினை இடைநிறுத்தியும் வைக்காதீர்கள். அந்த நொடியில் நினைவகத்தில் இருக்கும் பாஸ்வேர்டுகள் அப்படியே டிஸ்க்கில் எழுதப்பட்டுவிடும்.

பழைய நிரலின் நிறுவல் கோப்பு உங்களிடம் இல்லையென்றால், தேடலில் முதலில் வரும் ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கிவிடாதீர்கள். தயவுசெய்து வேண்டாம். பழைய கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் பாருங்கள். இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், கோப்பின் பிராப்பர்டீஸில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா, அது தயாரித்தவர் பெயரில்தானா என்று பார்த்து, மேலே சொன்ன மூடிய அறையில் மட்டும் ஓட்டுங்கள்.

நான்காவது: வந்தது சரியாக வந்ததா?

இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் எண்ணிக்கை. பழையதில் 214 பதிவுகள் என்றால் புதியதிலும் 214 இருக்க வேண்டும். குறைந்தால், ஏதோ ஒரு பாஸ்வேர்டில் காற்புள்ளியோ மேற்கோள் குறியோ இருந்து, ஏற்றுமதி செய்த நிரல் அதைச் சரியாக அடைக்காமல் விட்டிருக்கலாம். பல வரிகள் கொண்ட குறிப்புகளும் இப்படித்தான் உடையும். அப்புறம், கடினமான பத்துப் பதிவுகளைத் தேர்ந்தெடுத்து இரண்டு நிரலையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். நீளமான பாஸ்வேர்ட், பூஜ்ஜியத்தில் தொடங்குவது, சமக் குறியில் தொடங்குவது, ஆங்கிலம் அல்லாத எழுத்துள்ள குறிப்பு. பழைய நிரல் யுனிகோட் அறியாததாக இருந்தால் தமிழ்க் குறிப்புகள் கேள்விக்குறிகளாக மாறியிருக்கும். அவற்றைக் கையால் திருத்தத்தான் வேண்டும்.

சிஎஸ்வியை எக்செல்லில் திறந்து 'கொஞ்சம் ஒழுங்குபடுத்தி' சேமிப்பது நான் பார்த்ததிலேயே மோசமான தவறு. எக்செல் எண்களை 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க அட்டை எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாகிவிடும். 004512 என்ற பின் எண் 4512 ஆகும். சேமித்துவிட்டால் மூலம் போனது போனதுதான். திருத்த வேண்டியதைப் புதிய நிரலுக்குள் வந்த பிறகு திருத்துங்கள்.

இணைப்புக் கோப்புகளும் பழைய பாஸ்வேர்ட் வரலாறும் பொதுவாக சிஎஸ்வியில் வராது. ஸ்கேன் செய்த ஆவணங்களைப் பெட்டகத்துக்குள் வைத்திருந்தால் ஒவ்வொன்றாகச் சேமித்துப் புதியதில் இணைக்க வேண்டும்.

ஏற்றுமதியே இல்லாத நிரல் என்றால்

இது வருத்தமான நிலைமை, ஆனால் நினைப்பதுபோல் அவ்வளவு பெரிய வேலை இல்லை. எல்லாவற்றையும் தட்டச்சு செய்து மாற்ற வேண்டாம். பழைய பெட்டகத்தைப் பார்த்து அந்தத் தளத்தில் நுழையுங்கள், அங்கே பாஸ்வேர்டை மாற்றுங்கள், புதிய பாஸ்வேர்டைப் புதிய மேனேஜரே உருவாக்கி வைத்துக்கொள்ளட்டும். மின்னஞ்சல் முதலில், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கையும் மீட்கும் வழி அதுதான். பிறகு வங்கி, பிறகு தொலைபேசி, மேகச் சேமிப்பு. ஒரு நாளைக்கு ஐந்து என்று வைத்தால் ஒரு மாதத்தில் முக்கியமானதெல்லாம் முடிந்துவிடும். மீதியில் பல தளங்கள் இன்று உயிரோடு இல்லை என்பதும் அப்போதுதான் தெரியும்.

தொடர்ந்து பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றால்

சரி, சிலருக்கு உடனே மாற முடியாத நிலைமை இருக்கும். அவர்கள் முதலில் விண்டோஸ் சாவியோடு வி எழுத்தை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கிளிப்போர்டு வரலாறு திறக்கும். 2018-இல் விண்டோஸ் 10-இல் வந்த வசதி இது. இன்றைய பாஸ்வேர்ட் மேனேஜர்கள் காப்பி செய்யும்போது 'இதை வரலாற்றில் சேர்க்காதே' என்று விண்டோஸுக்குச் சொல்லும். அதற்கு முன் எழுதப்பட்ட நிரலுக்கு இப்படி ஒன்று வரப்போகிறது என்றே தெரியாது. பன்னிரண்டு நொடியில் கிளிப்போர்டைத் துடைத்துவிட்டதாக அது நம்பிக்கொண்டிருக்கும். வரலாற்றிலோ உங்கள் வங்கி பாஸ்வேர்ட் எழுத்து மாறாமல் வரிசையில் நிற்கலாம். அக்காவின் புதிய கணினியில் அப்படி ஒன்பது வரிகள் நின்றன. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் கிளிப்போர்டு என்ற இடத்துக்குப் போய் வரலாற்றையும், சாதனங்களுக்கு இடையே ஒத்திசைப்பதையும் அணைத்து, இருப்பதை அழித்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் இன்றே செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது உலாவி. பழைய உலாவி இணைப்புகள் ஏறக்குறைய எல்லாமே செத்துவிட்டன. குரோம் 2015-இல் பழைய செருகுநிரல் முறையைக் கைவிட்டது, ஃபயர்பாக்ஸ் 2017 நவம்பரில் 57-ஆம் பதிப்போடு பழைய நீட்சிகளை நிறுத்தியது. இதில் வசதி மட்டும் போகவில்லை, ஒரு காவலும் போய்விட்டது. உலாவி இணைப்பு தளத்தின் முகவரியை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் பாஸ்வேர்டை நிரப்பும், போலித் தளத்தில் நிரப்பாது. கையால் ஒட்டும்போது அந்த ஒப்பீட்டைச் செய்ய உங்கள் கண்ணைத் தவிர வேறு ஆள் இல்லை. மின்னஞ்சலில் வந்த இணைப்பைச் சொடுக்கிப் போன பக்கத்தில் ஒருபோதும் ஒட்டாதீர்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்து போங்கள்.

மூன்றாவது, மாஸ்டர் பாஸ்வேர்டைத் திறவுகோலாக மாற்றும் முறை. திருடியவர் ஒவ்வொரு ஊகத்துக்கும் எவ்வளவு கணக்குப் போட வேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. பழைய கீபாஸில் இயல்பாக 6,000 சுற்றுகள், பாஸ்வேர்ட் சேஃப் 3-இன் வடிவத்தில் குறைந்தபட்சம் 2,048. முறைகள் வேறு என்பதால் நேராக ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் பிபிகேடிஎஃப்2 என்ற திறவுகோல் முறைக்கு இன்று ஓவாஸ்ப் என்ற இணையப் பாதுகாப்பு அமைப்பு சொல்லும் எண் 6,00,000 என்றால் இடைவெளி புரியும். உங்கள் நிரலில் சுற்றுகளைக் கூட்டும் அமைப்பு இருந்தால், திறக்க ஒரு நொடி ஆகும் அளவுக்குக் கூட்டுங்கள். இல்லாவிட்டால் மாஸ்டர் பாஸ்வேர்டின் நீளம்தான் ஒரே துணை: தொடர்பில்லாத ஆறு ஏழு சொற்களாவது வையுங்கள். கீபாஸ் 2 பயன்படுத்துபவர்கள் 2.54-க்கு முந்தைய பதிப்பில் இருந்தால் இன்றே மாறுங்கள். நினைவகப் பிரதி ஒன்று கிடைத்தால் மாஸ்டர் பாஸ்வேர்டைக் கிட்டத்தட்ட முழுவதும் மீட்டெடுக்கக்கூடிய ஓட்டை அதில் இருந்து, 2023-இல் அடைக்கப்பட்டது.

கடைசி வேலை: பழைய பிரதிகள்

புதிய பெட்டகத்தில் ஆர்கான்2 என்ற புதிய திறவுகோல் முறையை வைத்து, நல்ல மாஸ்டர் பாஸ்வேர்ட் வைத்தாலும், பழைய கோப்பின் பிரதிகள் பழைய பூட்டோடுதான் இருக்கும். எட்டு வருடத்துக்கு முன் மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிக்கொண்ட பிரதிக்கு உங்கள் புதிய மாஸ்டர் பாஸ்வேர்ட் எந்தப் பாதுகாப்பும் தராது. அதனால் இறக்குமதி முடிந்த பிறகும் மின்னஞ்சல், வங்கி போன்றவற்றின் பாஸ்வேர்டுகளை அந்தந்தத் தளத்தில் மாற்றுங்கள். மாற்றிவிட்டால் பழைய கோப்பை உடைத்தாலும் உள்ளே கிடைப்பது காலாவதியான சொற்கள்தான்.

அப்புறம் தேடி அழியுங்கள்: மின்னஞ்சல் இணைப்புகள், மேகச் சேமிப்பு, அதன் குப்பைத்தொட்டி, அதன் பழைய பதிப்பு வரலாறு, பென் டிரைவ்கள், பழைய போன், முதல் வேலையில் கண்டுபிடித்த வெர்ச்சுவல்ஸ்டோர் பிரதி. ஒரே ஒரு பிரதியை, பழைய நிரலின் நிறுவல் கோப்போடு, குறியாக்கம் செய்த பென் டிரைவில் ஒரு வருடம் வைத்திருங்கள். ஏதாவது பதிவு விட்டுப்போனது அதற்குள் தெரிந்துவிடும். அக்காவுக்கு ஏழாவது மாதத்தில் ஒன்று தேவைப்பட்டது, ஒரு பழைய புகைப்படக் கணக்கு. எடுத்துக் கொடுத்தேன். வருடம் முடிந்ததும் அவளே அந்த டிரைவை வாங்கி ஃபார்மட் செய்தாள்.